கப்பலேறிய பெயர்கள்

காவேரியின் மேற்குக் கரையில் பவானி. கிழக்குக் கரையில் குமாரபாளையம். பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் தறிச் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிடும். என் கண்களோ சுவர்களைத் தேட ஆரம்பித்துவிடும். சினிமா விளம்பரத்தைத் தேடுவதாக எண்ணிவிட வேண்டாம். கண்ணீர் அஞ்சலித் தாள்களை நின்று படிப்பது என்னுடைய வெகுநாளையப் பழக்கம். "அபசகுனம் பிடித்த பழக்கம்" என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள், யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள், எந்தப் பங்காளியின் பெயர் விட்டுப் போயிருக்கிறது எல்லாம் அந்த ஒரே தாளில் வந்துவிடுகின்றன.

இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் நண்பர் ஒருவர் அந்த அம்மாளை என்னிடம் அனுப்பி வைத்தார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியையும் கூட அழைத்து வந்திருந்தார். தமிழ் அவர்களுக்குப் பாட்டாகத் தெரியும், பேச்சாகத் தெரியாது. குடும்பப் பெயர் 'கோவெண்டர்'. முதலில் எனக்கு விளங்கவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகு சிரிப்பு வந்தது. நம் கவுண்டர்தான் கடல் தாண்டிப் போய்க் கோவெண்டர் ஆகியிருக்கிறார்! முதலியார் அங்கே மூட்லி. நாயுடு மட்டும் அதிகம் உருமாறாமல் பிழைத்திருக்கிறார்.

"எங்கள் தாத்தா குமாரபாளையத்திலிருந்து வந்தவர். அவருடைய அப்பாவின் பெயரும் ஊரும் நிச்சயமாகத் தெரிய வேண்டும்" என்றார் அந்த அம்மாள். கையில் மூன்று காகிதங்கள் இருந்தன.

காகிதங்களைப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். நேட்டாலில் கரும்பு போட்ட வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறையில் 342 பேரை இறக்கியது. அப்போதிருந்து 1911 வரையில், நடுவே சில வருஷங்கள் நீங்கலாக, 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும்.

சேலம் ஜில்லாவிலிருந்து ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துக் கொள்ள வேண்டும். 1871-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஜில்லாவில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். பத்து வருஷம் கழித்து எண்ணினால் 16 லட்சம் தேறவில்லை. பஞ்சத்துக்குத் தப்பியவர்களின் பிள்ளைகள் வயசுக்கு வந்த காலத்திலும் கப்பல்கள் போய்க் கொண்டுதான் இருந்தன.

முதல் காகிதம், டர்பன் பத்திரிகை ஒன்றில் வந்த மரண அறிவிப்பின் துண்டு. தாத்தா காய்கறித் தோட்டக்காரர் என்றும், 'பெருவெள்ளத்துக்குப் பிறகு' ஆற்றங்கரையை விட்டு மேட்டுக்குக் குடிபோனவர் என்றும் அதில் இருந்தது. அந்த ஒரு சொல் வருஷத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஒப்பந்தம் முடித்த நம்மவர்கள் டர்பனைச் சுற்றிச் சின்னச் சின்னத் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, விடியற்காலையில் கூடை சுமந்து விற்றவர்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரை புரண்டபோது அந்தத் தோட்டங்களும் குடிசைகளும் போயின. படவட்டான் என்ற குடும்பப் பெயர் கொண்டவரைத் தலைவராகக் கொண்ட ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள் என்பது அங்கே இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெயரில் நம் 'படகோட்டி' ஒளிந்திருப்பதாக என் காதுக்குப் படுகிறது.

இரண்டாவது காகிதம், தாத்தாவின் சொத்து விவகாரத்துக்காகச் சர்க்காருக்குக் கொடுத்த அச்சடித்த படிவத்தின் நகல். இந்த மாதிரித் தஸ்தாவேஜுகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆம், காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர். இறந்தவர் பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், பிள்ளைகள், சொத்து என்று வரிசையாகக் கேள்விகள். சொத்து: ஒரு வண்டி, ஒரு குதிரை, வீட்டுச் சாமான்கள். நிலம் கிடையாது. பிறந்த இடம்: 'இந்தியா.' தகப்பன் பெயர்: 'தெரியாது.' கையெழுத்து, மூத்த மகனுடையது. அம்மாள் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் கொண்டே, "இது எங்கள் அப்பா" என்றார்.

மகனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டிருந்தார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் நான்கு முதல் ஆறு மாதச் சம்பளம்! ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. 16 வயசுப் பையனும் 13 வயசுப் பெண்ணும்கூடத் தப்ப முடியாது. 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, 1914-ல்தான் அது ஒழிந்தது. அந்தக் கவலையில் இருந்த வீட்டில் ராத்திரி உட்கார்ந்து வம்சக் கதை யார் சொல்லியிருப்பார்கள்?

மூன்றாவது காகிதம் கப்பல் பதிவேட்டின் ஒரு பக்கம். பெயர், தகப்பன் பெயர், வயசு 22, ஜாதி, உயரம், உடம்பில் தழும்பு, ஜில்லா, தாலூகா, கிராமம் எல்லாம் இருந்தன. தகப்பன் பெயர் இருந்தது! மகனுக்குத் தெரியாததைத் துறைமுகத்துக் குமாஸ்தா எழுதி வைத்திருந்தார். நேசத்தினால் அல்ல, ஆள் ஓடிவிட்டால் பிடிப்பதற்கு.

ஊர்தான் தொல்லை கொடுத்தது. ஜில்லா சேலம், தாலூகாவின்மேல் மை கொட்டியிருந்தது, கிராமம் 'கொமரபோலியம்' என்பது போல ஏதோ ஒன்று. குமாரபாளையங்கள் தமிழ்நாட்டில் ஒன்றா இரண்டா? தவிர, குக்கிராமத்தான் பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்வது இன்றைக்கும் உள்ள வழக்கம். கவுண்டர் என்ற பட்டத்தை வைத்துக் கொண்டு தேடலாமென்றால், இந்தச் சீமையில் அது ஒரு ஜாதிக்கு மட்டும் சொந்தமல்ல.

இருந்தாலும் இரண்டு நாள் அலைந்தோம். பழைய கர்ணங்கள் இப்போது இல்லை; 1980-ல் அந்தப் பதவியே போய்விட்டது. அப்படியே இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? இந்த ஜில்லாவில் நிலத்தை அளந்து பெயர் எழுதும் வேலை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கர்னல் ரீடு காலத்திலேயே தொடங்கியது. நிலம் உள்ளவனின் பெயர் அதில் தலைமுறை தலைமுறையாக ஏறும். கப்பலேறியவனுக்கு நிலம் இருந்திருந்தால் அவன் ஏன் கப்பலேறுகிறான்? ஊர்க் கணக்கில் அவன் இல்லை. அவனையும் அவன் தகப்பனையும் சேர்த்து எழுதிய ஒரே காகிதம், அவனை ஊரைவிட்டுக் கொண்டுபோன காகிதம்தான்.

ஊரை ஒட்டிய ஒரு சிற்றூரில் டீக்கடைப் பெரியவர் ஒருவர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங்க, நெலத்துல பங்கு கேட்டு வந்திருக்காங்களா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா நம்ம சனந்தானுங்க! அம்மிணி, உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார். அம்மாள் என்னை ஆவலோடு பார்த்தார். 'இவர் உறவாக இருக்கலாமா?' என்று கேட்ட பார்வை அது. ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டியது என் கடமை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லவில்லை.

மறுநாள் அமாவாசை. பாலத்தைத் தாண்டிப் பவானி கூடுதுறைக்குப் போனோம். தம்பி நனைந்த வேஷ்டியோடு உட்கார்ந்தார். சாஸ்திரிகள் எள்ளும் தண்ணீரும் கொடுத்து, "அப்பா பேர்?" என்றார். சொன்னார். "தாத்தா பேர்?" சொன்னார். "கொள்ளுத் தாத்தா?"

அக்காள் பையிலிருந்து மூன்றாவது காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆங்கில எழுத்தில் இருந்த அந்தப் பெயரைத் தமிழில் இரண்டு விதமாகப் படிக்கலாம். இரண்டும் இந்தப் பக்கத்துப் பெயர்கள்தான். சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார், தம்பியும் பார்த்தார். பின்னால் வேறு ஆட்கள் காத்துக் கொண்டிருந்தார்கள்.

நான் ஒன்றைச் சொன்னேன். தம்பி அதை இரண்டு முறை தப்பாகவும் மூன்றாம் முறை சரியாகவும் உச்சரித்துவிட்டுத் தண்ணீரை விட்டார்.