பத்து சதுர மீட்டர் சொர்க்கம்

சின்ன வீடுன்னதும் வேற எதையாச்சும் நினைச்சுக்காதீங்க மக்களே, இது நிஜ வீடு! டோக்கியோவுல 1972ல கட்டின நாககின் கேப்ஸ்யூல் டவர். கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா. மொத்தம் 140 பெட்டிகள், ஒவ்வொண்ணும் சுமார் 10 சதுர மீட்டர். கட்டில், மடக்கு மேசை, குளியலறை, வட்ட ஜன்னல், அம்புட்டுதான். சமையலறை கிடையாது. நிலம் பொன் விலை விக்கிற கின்சா பக்கத்துல, வாரநாள்ல தங்குற ஆபீஸ்காரங்களுக்கு அது போதும். ராத்திரி கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாமே!

25 வருஷத்துக்கு ஒருக்கா பெட்டிகளைக் கழட்டி மாத்தணும்கிறது திட்டம். ஒண்ணைக்கூட மாத்தலை. அடியில இருக்கிறதை எடுக்க மேல உள்ளதையும் கழட்டணும். செலவுக்கு ஓனருங்க ஒத்துக்கணும். ஒழுகி, துருப்பிடிச்சு, 2022ல பிரிச்சே போட்டாங்க. தப்பிச்சது 23 பெட்டிதான்.

ஒண்டியா வாழக் கட்டின வீடு. காப்பாத்த மட்டும் ஊரே கூடணும்னு ஆச்சு பாருங்க.