சாப்பிட வந்தவர் வாங்கிய கடை

கொஞ்சம் நீளமான பதிவு. மாலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். நான் வேலை பார்த்த பள்ளிக்கு எதிரே ஒரு மெஸ் உண்டு, நாற்பது வருடக் கடை. அதை நடத்திய அக்காவுக்கு இப்போது முடியவில்லை. பிள்ளைகள் வெளியூரில். கடையை இவன் வாங்கியிருக்கிறான். "டீச்சர், பேரை மாத்திட்டு, ஏசி போட்டு, தந்தூரி கொண்டு வரலாம்னு இருக்கேன். நீங்க அத்தனை வருஷம் அங்க சாப்பிட்டவங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது நியூயார்க்கில் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடை. அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2017-இல் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு நாள் புரூக்ளினுக்கு அழைத்துப் போனார். வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் பக்கத்தில், பிராட்வே தெருவில், பீட்டர் லூகர் என்ற ஸ்டேக் ஹவுஸ். எலும்போடு கனமாக வெட்டிய மாட்டிறைச்சியைக் கடும் தணலில் வாட்டித் துண்டு போட்டுத் தருகிற இடம். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எனக்குக் கிடைத்தது தட்டையாக நறுக்கிய தக்காளியும் வெங்காயமும், பாலாடை சேர்த்த கீரையும், வறுத்த உருளைக்கிழங்கும். நான் சொல்ல வந்தது உணவைப் பற்றி அல்ல, கடை கைமாறிய கதையைப் பற்றி. அதனால் சைவ நண்பர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

உள்ளே போனதும் எனக்கு ஆச்சரியம். இவ்வளவு பேர்பெற்ற கடையில் மேசை விரிப்பு கூடக் கிடையாது. வெறும் மரமேசை, மரத்தரை, பித்தளை விளக்குகள். வெள்ளைச் சட்டையும் நீண்ட ஏப்ரனும் கட்டிய பரிமாறுபவர்கள். கறித்தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்து வைத்துச் சாய்க்கிறார்கள். நெய்யும் சாறும் ஒரு பக்கமாக வழிந்து சேரும், அதை எடுத்துக் கறித்துண்டின் மேல் ஊற்றுகிறார்கள். நம் ஊர்க் கைப்பக்குவம் போலவே இருந்தது.

இந்தக் கடை தொடங்கியது 1887-இல். அப்போது அந்தப் பகுதியில் ஜெர்மானியக் குடியேறிகள் அதிகம். புரூக்ளின் அன்று நியூயார்க்கோடு சேராத தனி நகரம். 1898-இல்தான் சேர்ந்தது. கடையின் முதல் பெயர் 'கார்ல் லூகர்ஸ் கஃபே, பில்லியர்ட்ஸ் அண்ட் பௌலிங் ஆலி'. பெயரைப் பார்த்தாலே தெரியும், சாப்பாடும் விளையாட்டும் சேர்ந்த பேட்டைக் கடை. உரிமையாளர் பீட்டர் லூகர், சமையலறையைப் பார்த்துக்கொண்டவர் உறவுக்காரர் கார்ல். 1903-இல் வில்லியம்ஸ்பர்க் பாலம் திறந்தபிறகு மன்ஹாட்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ற நிலை மாறிப் பக்கத்து வீடு போல ஆனது.

1941-இல் பீட்டர் லூகர் இறந்தார். கடை மகன் கைக்கு வந்தது. இங்கேதான் நாம் எல்லோரும் பார்த்த கதை நடக்கிறது. அப்பாவின் அக்கறை மகனிடம் இல்லை. தரம் குறைந்தது, கூட்டமும் குறைந்தது. பேட்டையும் மாறிக்கொண்டிருந்தது. போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உயிர்தப்பி வந்த ஹசிடிக் யூதர்கள் வில்லியம்ஸ்பர்க்கில் பெருமளவில் குடியேறினார்கள். தங்கள் சமய விதிப்படி சமைத்ததைத் தவிர வேறு எதையும் உண்ணாதவர்கள். வாசலிலேயே குடியிருந்தாலும் வாடிக்கையாளர் ஆக முடியாதவர்கள். 1950-இல் கடை ஏலத்துக்கு வந்தது.

ஏலம் கேட்க வந்தவர் ஒரே ஒருவர். பெயர் சால் ஃபோர்மன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் உலோகப் பாத்திரங்கள் செய்யும் தொழிற்சாலையைக் கூட்டாளி சீமோர் ஸ்லோயரோடு சேர்ந்து நடத்தியவர். ஹோட்டல் தொழிலுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சுமார் 25 வருடங்களாக அங்கே சாப்பிட்டவர் என்பதுதான். தன் வியாபார விருந்தினர்களையும் அங்கேதான் அழைத்துப் போவாராம். கடை மூடினால் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்ற கவலையில், போட்டியே இல்லாமல், குறைந்த விலைக்கு வாங்கினார்.

புதிய முதலாளி என்றால் முதலில் பலகையை மாற்றுவார்தானே? அவர் மாற்றவில்லை. ஃபோர்மன் குடும்பம் கைக்கு வந்தும் கடை பீட்டர் லூகர்தான். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் சரிசெய்தார்கள். அதுதான் கெட்டுப்போயிருந்தது: இறைச்சி.

அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் சாலின் மனைவி மார்ஷா. அவருக்கு இறைச்சி வாங்கத் தெரியாது. அதனால் அவர் மாணவி ஆனார். அமெரிக்க வேளாண்மைத் துறையில் இறைச்சித் தரம் பிரித்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் பாடம் கேட்டார். தசைக்குள் கொழுப்பு எப்படி நூல் நூலாக ஓடியிருக்கிறது, நிறம் என்ன, எலும்பு எப்படி இருக்கிறது என்று கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஆண்கள் மட்டுமே இருந்த மொத்த இறைச்சிச் சந்தைக்கு நேரில் போய்த் தானே பொறுக்கி எடுத்தார்.

அரசாங்க முத்திரை இருக்கிறதே, அதை நம்பி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். இங்கே ஒரு சுவையான தகவல். அமெரிக்காவில் மாட்டிறைச்சியின் உச்சத் தரத்துக்கு 'பிரைம்' என்று பெயர், அதற்கு அடுத்தது 'சாய்ஸ்'. இவர்கள் கடை வாங்கிய அதே 1950-இன் டிசம்பரில் அரசு விதியை மாற்றி, பழைய சாய்ஸையும் பிரைமோடு சேர்த்து இரண்டுக்கும் பிரைம் என்றே பெயர் வைத்தது. நேற்று இரண்டாம் தரமாக இருந்தது இன்று முதல் தரம்! எழுபத்தைந்து மார்க்குக்கு மேல் எல்லாருக்கும் முதல் ரேங்க் என்று சொன்ன மாதிரி. முத்திரையை மட்டும் பார்த்து வாங்கியவருக்கும் தானே பார்க்கத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரிந்திருக்கும்.

வாங்கிய இறைச்சியை உடனே சமைப்பதில்லை. குளிர்ந்த அறையில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில் உலர வைக்கிறார்கள். நீர் குறைந்து சுவை கூடும், இறைச்சியில் இயல்பாக உள்ள நொதிகள் தசையை மிருதுவாக்கும். காய்ந்த மேல்பாகத்தை வெட்டி எறிய வேண்டும். எடையில் நஷ்டம், இடத்தில் நஷ்டம், காலத்தில் நஷ்டம். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

மார்ஷாவுக்குப் பின் மகள்கள் அதே வேலையைக் கற்றுக்கொண்டார்கள், அடுத்து பேத்தி. சால் ஃபோர்மன் 2001-இல் தன் 98-வது வயதில் காலமானார். கடைசி வரை தன் கடையில் விடாமல் சாப்பிட்டவர். மறுவருடம் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை இந்தக் கடையை அமெரிக்காவின் மரபு உணவகங்களில் ஒன்றாகக் கௌரவித்தது.

கதையை இங்கே முடித்தால் அது பாதிக் கதை. 2019-இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடத் தரவில்லை. 2022-இல் பல வருடங்களாக வைத்திருந்த மிஷலின் நட்சத்திரமும் போயிற்று. இன்று டோக்கியோவிலும் லாஸ் வேகாஸிலும் கிளைகள் உண்டு. கூட்டமும் இருக்கிறது. ஆனால் மாற்றாமல் காப்பதும் ஒரு வேலை, அதைத் தினமும் செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்த விமர்சனம் நினைவூட்டியது. மரமேசை அப்படியே இருந்தால் மட்டும் கடை அப்படியே இருந்துவிடாது. 1941-க்குப் பிறகும் மேசைகள் அங்கேதான் இருந்தன.

என் மாணவனிடம் இதைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன். "அக்கா கடையில வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு ஏன் அவ்வளவு நல்லா இருக்கும், தெரியுமாப்பா?"

தெரியவில்லை.

"மாஸ்டர் விடியக்காலை அஞ்சு மணிக்குச் சந்தைக்குப் போய், ஒவ்வொரு காயா காம்பைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவார். அவருக்கு இப்ப அறுபத்தெட்டு வயசு. நீ ஏசி போடு, வேண்டாம்னு சொல்லலை. வெயிலுக்கு நல்லதுதான். ஆனா அவர் வேலையை விட்டுப் போறதுக்குள்ள ரெண்டு மாசம் அவர் பின்னாடி கூடையைத் தூக்கிட்டுப் போ. அப்புறம் எதை மாத்தணும்னு உனக்கே தெரியும்."

"டீச்சர், இப்பவும் வீட்டுப்பாடம் குடுக்கறீங்களே" என்று சிரித்தான். தலையைச் சொறிந்துகொண்டே போனான். செய்வானா என்று தெரியாது. ஆனால் நேற்று அந்தப் பக்கம் போனபோது பழைய பலகை இன்னும் கழற்றப்படவில்லை.

உங்கள் ஊரில் கைமாறிய கடை ஏதாவது உண்டா? வாங்கியவர் எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார்? எழுதுங்கள். அவனுக்கும் படித்துக் காட்டுகிறேன்.