பம்மலின் தோல் பில்லும் பன்னாட்டு வங்கியின் பிரிவுகளும்

பன்னாட்டு வங்கிக் குழுமம் ஒன்று தன் தொழிலை மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் யார் என்று பார்த்துப் பிரிக்கலாம்; எந்த நாடு என்று பார்த்துப் பிரிக்கலாம்; எந்த வேலை என்று பார்த்துப் பிரிக்கலாம். ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் முதல் வகையையே முன்னிறுத்துகின்றன. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு குழுமம் இன்று நிறுவன மற்றும் முதலீட்டு வங்கிப் பணி, செல்வ மேலாண்மை மற்றும் சில்லறை வங்கிப் பணி, வென்ச்சர்ஸ் என்று மூன்று பிரிவுகளாகத் தன்னைக் காட்டுகிறது. சிட்டி குழுமம் 2023இல் தன்னைச் சேவைகள், சந்தைகள், வங்கிப் பணி, செல்வ மேலாண்மை, அமெரிக்கத் தனிநபர் வங்கிப் பணி என ஐந்தாக வகுத்துக்கொண்டது. இந்தப் பட்டியல்களை மட்டும் படிப்பவருக்கு, வங்கித் தொழிலில் நாட்டெல்லை மங்கிவிட்டது என்றே தோன்றும். உண்மை வேறு. வாடிக்கையாளரை வைத்துப் போட்ட கோடுகளைத் தலைமை அலுவலகம் ஒரே அறிவிப்பில் அழித்து எழுதிவிடுகிறது. சட்டம் போட்ட கோடுகள் அப்படியே நிற்கின்றன. சிட்டியின் ஐந்தாம் பிரிவு தன் பெயரிலேயே ஒரு நாட்டைச் சுமந்துகொண்டிருப்பதும் இதனால்தான்.

பிரிவுகள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சென்னைப் புறநகரான பம்மலை ஒட்டிய நாகல்கேணியிலிருந்து பார்ப்பது எளிது. குரோம் லெதர் ஆலையால் குரோம்பேட்டை பெயர் பெற்ற இந்தப் பகுதியில் தோல் பதனிடுவது பழைய தொழில். இங்குள்ள டேனரி ஒன்று இத்தாலிக்குத் தோல் அனுப்புவதாகக் கொள்ளலாம். ஆவணங்கள் சரியாக வந்தால் பணம் தருவதாக உறுதி கூறும் எல்.சி.யை வாங்குபவரின் வங்கி திறக்கிறது. அதைக் காட்டி டேனரிக்காரர் இங்குள்ள தம் வங்கியில் ஏற்றுமதிக்கு முந்தைய கடனான பேக்கிங் கிரெடிட் வாங்கிப் பச்சைத் தோலும் ரசாயனமும் கொள்முதல் செய்கிறார். இந்தக் கடனைத் தருவது நிறுவன வங்கிப் பிரிவு. யூரோ விலை இறங்கினால் நட்டம் என்பதால் அவர் விலையை முன்கூட்டியே உறுதிசெய்யும் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் போடுகிறார். அந்த விலையைச் சொல்பவர் வேறோர் ஊரில் உட்கார்ந்திருக்கும் டிரெஷரி டீலர். சரக்குக் கப்பலேறியதும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவை வங்கிக்கு வருகின்றன. அவற்றைச் சரிபார்ப்பது செயல்பாட்டுப் பிரிவின் வேலை. அதே மனிதர் வீடு கட்டக் கடன் கேட்டால் சில்லறைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆள் ஒருவர்தான், வங்கிக்குள் அவருக்கு நான்கு முகங்கள்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. தோலுக்குத் தோல் அளவு மாறும் என்பதால், எல்.சி.யில் சொன்ன சதுர அடியும் அனுப்பிய சதுர அடியும் துல்லியமாக ஒத்துப்போவது அரிது. 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள, எல்.சி.க்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600 இதற்கு இடம் தருகின்றன: எண்ணிக்கையாகவோ கட்டாகவோ அளவு குறிப்பிடப்படாத சரக்கில், எல்.சி. வேறு விதமாகச் சொல்லாதவரை, 5 விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம். தொகை மட்டும் எல்.சி. மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆவணங்களைப் பார்த்து முடிவு சொல்ல வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள். தோல் நல்ல தோலா என்பது அந்த மேசைக்குத் தேவையில்லை. தாளில் உள்ளது தாளோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஆகவே கடன் கொடுத்த அதிகாரியும் ஆவணம் பார்க்கும் அதிகாரியும் தனித்தனியாக இருப்பது வாடிக்கையாளருக்கு அலைச்சல் என்றாலும் வங்கிக்கு அவசியம். தான் கொடுத்த கடன் திரும்பி வர வேண்டும் என்ற கவலையில் இருப்பவர் ஆவணத்தின் குறையைக் கண்டும் காணாமல் விடக்கூடும். பிரிவு என்பது முதலில் இந்தச் சபலத்துக்குப் போடும் வேலி. அதன் பிறகுதான் அது வாடிக்கையாளர் வசதி.

பிரிவுகளுக்கு இடையே பணம் கைமாறும் விதம் வெளியில் தெரிவதில்லை. பம்மலில் ஓய்வூதியர் ஒருவர் போடும் வைப்புத்தொகை சில்லறைப் பிரிவின் திரட்டு. டேனரிக்குப் போகும் கடன் நிறுவனப் பிரிவின் வழங்கல். இடையில் டிரெஷரி ஓர் உள்விலை வைக்கிறது. கணக்குக்காக, வைப்புக்கு 6 விழுக்காடு, கடனுக்கு 9 விழுக்காடு, உள்விலை 7 என்று வைத்துக்கொண்டால் சில்லறைப் பிரிவுக்கு 1 விழுக்காடும் நிறுவனப் பிரிவுக்கு 2 விழுக்காடும் வருமானம். உள்விலையை 8 ஆக்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வெளியே ஒரு ரூபாய்கூட இடம் மாறவில்லை. ‘இந்தப் பிரிவு லாபம், அந்தப் பிரிவு நட்டம்’ என்று ஆண்டறிக்கை சொல்லும்போது அதில் ஒரு பங்கு இந்த உள்விலையின் விளைவு. பிரிவுவாரி லாபத்தை ஒப்பிடும் ஆய்வுகள் பல இதைக் கவனிக்காமலே முடிவுக்கு வந்துவிடுகின்றன.

நாட்டெல்லையின் பிடியைத் தமிழ்நாட்டு வங்கி வரலாறு நன்றாகவே அறியும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். அந்நியச் செலாவணியே அந்த வங்கியின் உயிர். கடல்கடந்து தொழில் செய்த நகரத்தாரின் தேவையே அதன் வரைபடம். அந்த வரைபடத்தை அரசுகள் வெட்டின. பர்மா 1963இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. 1969இல் வங்கியே இந்திய அரசின் சொத்தானது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இயங்கக் கூடாது என்று மலேசியச் சட்டம் தடுத்ததால், 1973இல் அங்கிருந்த கிளைகள் இந்தியன் வங்கி, யூகோ வங்கி ஆகியவற்றின் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. வாடிக்கையாளர்கள் மாறவில்லை, வேலையும் மாறவில்லை; உரிமையாளர் யார் என்பது மட்டுமே மாறியிருந்தது.

இந்திய வங்கிகள் தம் தொழிலை எப்படிப் பகுத்துக் காட்ட வேண்டும் என்பதையும் ரிசர்வ் வங்கியே வகுத்திருக்கிறது: டிரெஷரி, நிறுவன/மொத்த வங்கிப் பணி, சில்லறை வங்கிப் பணி, பிற வங்கிப் பணிகள். லண்டனில் எத்தனை பெயர் மாற்றினாலும், ஒரு வெளிநாட்டு வங்கி தன் இந்தியக் கணக்கை இந்த நான்கில்தான் அடுக்க வேண்டும்.

கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவு நாட்டெல்லையின் பிடிக்கு இன்னும் தெளிவான சான்று. சிங்கப்பூரின் டி.பி.எஸ். குழுமம் 2019 மார்ச்சில் தன் இந்தியக் கிளைகளை முழு உடைமைத் துணை நிறுவனமாக மாற்றியது. ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இந்தியாவிலேயே பதிவான, தனக்கென மூலதனம் உள்ள வங்கி அது. 2020 நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கி 563 கிளைகளோடு அதில் இணைக்கப்பட்டபோது, வைப்பாளர்கள் காப்பாற்றப்பட்டார்கள். பங்குதாரர்களின் முதல் முழுதும் அழிக்கப்பட்டது. அந்த இழப்பு காவிரிக்கரைக் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு என்பதை இணைப்பின் வெற்றி பேசுவோர் மறந்துவிடக் கூடாது. சிட்டி எதிர்த்திசையில் நடந்தது: 1985இல் இந்தியாவில் தொடங்கிய தன் நுகர்வோர் வங்கித் தொழிலை 2023 மார்ச் 1 அன்று ஆக்சிஸ் வங்கியிடம் ஒப்படைத்தது. உலகளாவிய ஒரு பிரிவை நாடு நாடாக அறுத்து விற்க முடிந்ததென்றால், அது தொடக்கத்திலிருந்தே நாட்டுவாரியாகத் தைக்கப்பட்டிருந்தது என்றே பொருள்.

எச்.எஸ்.பி.சி. இதைத் தன் அமைப்பிலேயே ஒப்புக்கொண்டது. பிரிட்டனின் 2013 வங்கிச் சீர்திருத்தச் சட்டம், பெரிய வங்கிகள் உள்நாட்டுச் சில்லறைத் தொழிலை முதலீட்டு வங்கித் தொழிலிலிருந்து 2019 ஜனவரிக்குள் வேலியிட்டுப் பிரிக்க வேண்டும் என்றது. அதற்காக எச்.எஸ்.பி.சி. யு.கே. என்ற தனி வங்கி பர்மிங்காமில் அமைந்தது. 2025 ஜனவரி முதல் குழுமத்தின் நான்கு பிரிவுகள்: ஹாங்காங், பிரிட்டன், நிறுவன வங்கிப் பணி, பன்னாட்டுச் செல்வ மேலாண்மை மற்றும் பிரீமியர். இரண்டு இடங்களின் பெயர்கள், இரண்டு வேலைகளின் பெயர்கள். இந்தக் கலப்பைக் குழப்பம் என்று சொல்வது தவறு. சட்டமும் மூலதனமும் எங்கே ஏற்கெனவே தனியாக நின்றனவோ அங்கே பெயர்ப்பலகை பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லையைத் தாண்டி ஓடுவது வேலைவாரிப் பிரிவு மட்டுமே. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு 2001இல் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சென்னையில் தொடங்கிய நிறுவனம், இன்று குளோபல் பிசினஸ் சர்வீசஸ் என்ற பெயரில் பல நாட்டுக் கிளைகளுக்கான கணக்கு, மென்பொருள், ஆவணப் பணிகளைச் செய்கிறது. தென்சென்னைப் புறநகர்களிலிருந்து இப்படிப்பட்ட அலுவலகங்களுக்குப் போய்வரும் இளைஞர்கள், வாடிக்கையாளரின் முகத்தையே பார்க்காமல் வேறொரு நாட்டின் விதிப்படி வேலை செய்கிறார்கள். இதற்கும் வரம்பு உண்டு. பணப் பரிவர்த்தனைத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது; சேவை நிறுவனமும் இந்தியச் சட்டப்படி தனி நிறுவனம்; செய்த வேலைக்குக் குழுமத்திடம் அது பில் போட்டே பணம் பெறுகிறது. நாகல்கேணியிலிருந்து கிளம்பிய ஆவணக் கட்டும் கடைசியில் கூரியரில் இத்தாலி போய்ச் சேர்ந்து, அங்குள்ள வங்கியின் மேசையில் மீண்டும் பிரித்துப் பார்க்கப்படுகிறது. அந்த ஐந்து நாள் கணக்கு, அங்கே விடுமுறை எது, வேலை நாள் எது என்பதைப் பார்த்தே ஓடத் தொடங்குகிறது.