எழுதப்படாத வரிகள்: ஒரு காயப் பதிவேட்டின் வரலாறு

அமெரிக்கக் கவிஞர் ம்யூரியல் ரூக்கைசர் 1938-இல் வெளியிட்ட நெடுங்கவிதைத் தொடர் 'இறந்தோர் நூல்'. அதனை முதன்முறை வாசித்தபோது நமக்கு ஏற்பட்டது கவிதையனுபவம் என்பதைவிடக் குழப்பம் என்றே சொல்ல வேண்டும். விசாரணைக் குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்கள், மருத்துவர் கூற்றுகள், நுரையீரல் எக்ஸ்ரே பற்றிய விளக்கம், பங்குச் சந்தை விலை என அலுவலகக் கோப்பில் கிடக்க வேண்டியவையெல்லாம் கவிதைக்குள் வந்து அமர்ந்திருந்தன. ஒரு கவிஞர் ஏன் கணக்கெழுதுபவரின் வேலையைச் செய்கிறார் என்ற கேள்விதான், தொழிலிடக் காயங்களையும் நோய்களையும் முதலாளிகள் பதிவு செய்தாக வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டத்தின் வரலாற்றுக்கு நம்மை இட்டுச் சென்றது.

கவிதையின் களம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கௌலி பிரிட்ஜ் என்னும் சிற்றூர். நியூ ஆறும் கௌலி ஆறும் கூடிக் கனாவா என்று பெயர் பெறும் இடம் அது. அதன் அருகே ஹாக்ஸ் நெஸ்டில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் துணை நிறுவனமொன்றின் மின்திட்டத்திற்காக, 1930-இல் மலையைக் குடைந்து சுமார் 3 மைல் நீளச் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கினர். பெருமந்தக் காலம். வேலைக்கு வந்தோரில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். பாறையில் சிலிக்கா மிகுதி. நீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி அடங்கும், வேலையோ தாமதமாகும். உலர்ந்த பாறையிலேயே துளையிட வைத்தார்கள் என்று தொழிலாளர்கள் பின்னர் சாட்சியம் அளித்தனர். சிலிக்கோசிஸ் பொதுவாக ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய். இங்கோ சில மாதங்கள் உள்ளே உழைத்தவர்களே மூச்சுத் திணறி வீழ்ந்தனர்.

இறந்தவர் எத்தனை பேர்? 1936-இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு விசாரித்தபோது சொல்லப்பட்ட எண் 476. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986-இல் எழுதிய நூலின் மதிப்பீடு 764. இடையில் நிற்கும் அந்த 288 பேர் உண்மையில் இறந்தார்களா என்று சொல்ல ஓர் ஏடும் இல்லை. பலருடைய மரணத்திற்கு நிமோனியா என்றும் காசநோய் என்றும் காரணம் எழுதப்பட்டது. நோயோடு சொந்த ஊர் திரும்பி அங்கே மாண்டவர்களை யாரும் பின்தொடரவில்லை.

எண்ணிப் பார்க்கும் பழக்கமே அந்நாட்டில் அப்போது இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் வழக்கறிஞர் பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டத்தில் அதைச் செய்திருந்தார். மரண விசாரணை அதிகாரியின் கோப்புகளைப் புரட்டி, 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரையிலான ஒரே ஆண்டில் வேலையில் விபத்துக்குள்ளாகி மாண்டவர்கள் 526 பேர் எனக் கண்டறிந்தார். எஃகு ஆலைகளில் 195, இருப்புப் பாதையில் 125, சுரங்கங்களில் 71, ஏனையோர் 135. தொழிலாளியின் கவனக்குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முதலாளிகள் சொல்லிவந்த வாதம் அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. மாண்டவர்களின் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்றும் அவர் விசாரித்தார். விவரம் கிடைத்த மணமானவர்களின் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை 100 டாலரோ அதற்கும் குறைவாகவோ, சில எதுவுமின்றியோ, விடப்பட்டிருந்தன. 1910-இல் இவையனைத்தும் நூலாயின. ஆயினும் அவர் எண்ணியது விபத்துகளை மட்டுமே. எஃகுச் சட்டம் தலையில் விழுந்தால் அன்றே தெரியும். தூசி அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

நடுகல் மரபைப் பாடம் நடத்துகிற நமக்கு இங்கே ஒன்று தோன்றுகிறது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்டவர்கள் அவனுடைய மக்கள். ஈஸ்ட்மனும் வெளியிலிருந்து வந்து எண்ணியவர்தான். 1970 டிசம்பர் 29 அன்று நிக்சன் கையெழுத்திட்ட தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நலச் சட்டமோ எழுதுகோலை முதலாளியின் கையிலேயே கொடுத்தது. வேறு வழியும் இருந்திருக்காது. இலட்சக்கணக்கான பணியிடங்களின் வாசலில் அரசு ஓர் எழுத்தரை நிறுத்த முடியுமா? ஆனால் பதிவேடு வெறுமையாக இருந்தால் யாருக்கு நன்மையோ அவரே அதை எழுதுகிறார்.

இன்று புழக்கத்திலுள்ள 300 ஆம் எண் படிவம் 2002 முதல் நடைமுறைக்கு வந்தது. தகவல் தெரிந்த 7 நாட்களுக்குள் எழுத வேண்டும், 5 ஆண்டுகள் காக்க வேண்டும், ஆண்டுச் சுருக்கத்தைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் முடியத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. நம்மை வியக்க வைத்தது முதலுதவி என்ற சொல்லுக்கு விதிகள் தரும் பொருள்தான். கையில் வெட்டு விழுந்தால், பிளாஸ்திரி ஒட்டினால் அது முதலுதவி, பதிவு வேண்டா. ஒரே ஒரு தையல் போட்டால் அது மருத்துவச் சிகிச்சை, ஏட்டில் ஒரு வரி கூடும். காயம் அதேதான். தையலா பிளாஸ்திரியா என்று முடிவு செய்யும் அறையில் மருத்துவர் மட்டுமே இருக்கிறார் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை.

இந்த ஐயத்திற்குச் சான்று அதே ஆற்றங்கரையில் உண்டு. கௌலி பிரிட்ஜிலிருந்து கனாவா ஆற்றோடு இறங்கிச் சென்றால் இன்ஸ்டிட்யூட் என்னும் ஊர் வரும். அங்கே இருந்ததும் யூனியன் கார்பைடின் ஆலைதான். 1984 போபால் பேரழிவுக்குப் பின், 1985 ஆகஸ்டில் அங்கும் நச்சுவாயு கசிந்தது. சோதனையிட்ட அரசு அமைப்பு 1986 ஏப்ரலில் 13 லட்சம் டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை முன்மொழிந்தது. காயங்களையும் நோய்களையும் பதிவேட்டில் வேண்டுமென்றே எழுதாமல் விட்டனர் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிறுவனம் மறுத்தது, பின்னர் உடன்பாட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது.

300 ஆம் எண் படிவத்தில் நோய்களுக்கெனத் தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று சுவாசக் கோளாறு. ஆனால் தூசியை உண்டவர் இருபது ஆண்டு கழித்து வேறு வேலையிலோ ஓய்விலோ இருக்கும்போதுதான் இருமுகிறார்; அவருக்காக அந்தக் கட்டத்தில் குறியிட அப்போது பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. நீண்ட காலம் மறைந்திருந்து தோன்றும் நோய்கள் தம் கணக்கில் குறைவாகவே இடம்பெறுகின்றன என்று ஆண்டுதோறும் அந்தப் படிவங்களின் வழியே கணக்கெடுக்கும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே ஒப்புக்கொள்கிறது. ஹாக்ஸ் நெஸ்ட் பெயர்களில் சில, சாட்சியங்களின் வழியே ரூக்கைசரின் பக்கங்களில் இருக்கின்றன.