புதுக்கடை நீதிமன்றங்களும் தமிழ்பேசும் மக்களின் இன அடையாளமும்

கொழும்பு 12 இல் உள்ள புதுக்கடை இலங்கையின் உயர் நீதிமன்றங்கள் அமைந்த இடம். 1656 இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொப் என்றும், சிங்களத்தில் அளுத்கடே என்றும் வழங்குகிறது. புதிய சோனகத் தெருவும் டாம் வீதியும் சூழ்ந்த இந்த இடத்தில் காணி வழக்கும் கொலை வழக்கும் மட்டும் பேசப்படவில்லை. தமிழ் பேசும் ஒருவர் தமிழரா, சோனகரா, இந்தியரா, இந்நாட்டுக் குடிமகனா என்ற கேள்விகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கே வழக்குகளாக வந்துள்ளன. தமிழ்பேசும் மக்களின் இன அடையாளம் உருவான வரலாற்றில் அரசியல் மேடைகளுக்குக் கொடுக்கப்படும் இடம் இந்த நீதிமன்றங்களுக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை.

வழக்காற்றுச் சட்டங்கள்

முதற் பிரிகோடுகளைப் போட்டவர்கள் ஆட்சியாளர்கள். யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தார்; தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்து ஒப்புதல் தந்தனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பை ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் ஒழுங்குவிதியால் சட்டமாக்கினர். அதே ஆண்டில் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கான சட்டக்கோவையும் வெளியானது. 1852 இல் அது தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்டது.

இரண்டு சட்டங்களும் மக்களை இரு வேறு வழிகளில் வரையறுத்தன. தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்தின் தமிழ்க் குடிகளுக்கு உரியது. அதன் அளவுகோல் ஊர். கொழும்பில் பரம்பரையாக வாழ்ந்த தமிழருக்கோ மட்டக்களப்பாருக்கோ தோட்டத் தொழிலாளிக்கோ அது பொருந்தாது. அவர்களுக்குப் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டமே. முஸ்லிம் சட்டத்தின் அளவுகோல் சமயம்; அது ஊர் பார்ப்பதில்லை. அதனால் வெள்ளவத்தையில் வீடு வாங்கிக் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் சீதனமும் முதுசொமும் வழக்குக்கு வந்தால், அக்குடும்பம் இன்னும் யாழ்ப்பாணத்துக் குடிதானா என்பதை முதலில் நிறுவ வேண்டியிருந்தது. முஸ்லிம்களான கொட்டாஞ்சேனைச் சோனகருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழருக்கு மண்ணும் முஸ்லிம்களுக்கு மார்க்கமும் அடையாளத்தின் அடியாக அமைந்ததில் இந்தச் சட்டப் பிரிப்புக்கு நான் பெரும் பங்கு காண்கிறேன். வீட்டுக்குள் ஒரே மொழி பேசிய இரு குடும்பங்கள் நொத்தாரிசின் முன் உறுதி எழுதப் போனபோது இரு சமூகத்தவர் ஆயினர்.

இராமநாதனும் துருக்கித் தொப்பியும்

சட்டசபையில் தமிழ்பேசுவோர் அனைவருக்கும் ஒரே பிரதிநிதி இருந்த காலத்தில், அந்த ஆசனத்தில் இருந்தவர் புதுக்கடையின் புகழ்பெற்ற அப்புக்காத்து பொன்னம்பலம் இராமநாதன். 1885 இல் சட்டசபையில் தொடங்கி, 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில் அவர் விரித்துரைத்த வாதம் இது: சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே வேறானவர்; மொழியும் பழக்கவழக்கமும் அதற்குச் சான்று. சோனகர் இதை ஓர் ஆய்வுரையாக மட்டும் பார்க்கவில்லை. தங்களுக்கெனத் தனி ஆசனம் கிடைப்பதைத் தடுக்கும் முயற்சி என்றே கண்டனர். 1889 இல் முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை ஆங்கிலத்தில் எழுதி, தம் மக்களின் வேரை அரபு வணிகரிடம் காட்டினார்.

இலங்கை முஸ்லிம்களின் மறுமலர்ச்சிக்கு முன்னோடியான சித்திலெப்பை கண்டியில் பிரக்கிராசியாராக இருந்தவர். 1882 இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழ் இதழ். 1885 இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. தாங்கள் தமிழரல்லர் என்ற உணர்வு வளர்ந்த அதே வட்டத்திலிருந்து, அதே ஆண்டுகளில், ஈழத்துத் தமிழ் உரைநடை செழித்தது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் இலங்கை வந்த ஒறாபி பாஷாவின் செல்வாக்கோடு துருக்கித் தொப்பி இங்கே முஸ்லிம்களின் மதிப்புக்குரிய அடையாளமாயிற்று. 1905 இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயர்ட் அதை ஏற்க மறுத்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருந்திரள் கூடிக் கண்டனம் செய்தது. பின்னர் நீதிமன்றம் இறங்கிவந்தது. இலங்கை முஸ்லிம்கள் நாடளாவிய ஒரு சமூகமாக ஒரே குரலில் அரசிடம் பேசிய முதல் நிகழ்வுகளில் இது ஒன்று. அன்று கேள்விக்குள்ளானது அவர்களின் மொழியன்று, தலையில் இருந்த சமயச் சின்னம். ஆகவே முன்னால் வந்து நின்றதும் சமயமே. எதன்மேல் அடி விழுகிறதோ அதைப் பற்றியே ஒரு மக்கள் தம்மை அடையாளங்காண்பர் என்பதைப் புதுக்கடையின் பிந்திய வழக்குகளும் காட்டுகின்றன.

1915

கம்பளையில் பள்ளிவாசல் முன்பாகப் பறைகொட்டிப் பெரஹெரா செல்லும் உரிமை குறித்த வழக்கில் கண்டி மாவட்ட நீதிமன்றம் பெரஹெராவை நடத்திய சிங்களக் கோயிலுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் புதுக்கடை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் தென்மேற்கெங்கும் பரவிச் சோனகரின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அழித்தது. பெரஹெராவை எதிர்த்தவர்கள் இந்தியக் கரையோரச் சோனகர். தாக்கப்பட்டவர்களில் நூற்றாண்டுகளாக இங்கே வாழ்ந்தவர்களும் இருந்தனர். கலவரத்தை அடக்க வந்த படைச்சட்டத்தின் கொடுமைக்கு ஆளான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் சட்டசபையிலும் லண்டனிலும் வாதாடினார். அந்த வாதம் நியாயமானது. ஆனால் எரிந்த கடைகளின் உரிமையாளர்களுக்காக அதே அளவு குரல் அவரிடமிருந்து எழவில்லை. ‘நீங்களும் தமிழரே’ என்று சொன்னவரின் அந்த மௌனத்தைச் சோனகர் மறக்கவில்லை.

குடியுரிமை

1911 குடிசன மதிப்பு இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் முதன்முறையாக வேறுவேறாக எண்ணியது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்தப் பிரிவை வாக்குரிமை இழப்பாக மாற்றின. றுவன்வெல்லைத் தொகுதியில் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்று, லண்டனில் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953 இல் அங்கும் தோற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு எந்த இனத்துக்கும் சமயத்துக்கும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. இச்சட்டங்கள் அப்படிப்பட்டவையல்ல என்றது தீர்ப்பு. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களைப் பற்றிய தீர்ப்பு அது.

கோடீஸ்வரன் வழக்கு

1956 இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சி பெறாததால் 1962 இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரன் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1964 இல் நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், அச்சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது, செல்லாது என்று தீர்த்தார். சிங்களம் மட்டும் என்ற கொள்கையையே ஒரு மாவட்ட நீதிபதி ஒரு குமாஸ்தாவின் சம்பள வழக்கில் தள்ளிவைத்தார். இலங்கை நீதித்துறையின் துணிச்சலான தீர்ப்புகளில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

1967 இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் நுழையாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசுக்கு எதிராக வழக்கிட முடியாது என்று கூறித் தீர்ப்பை நீக்கியது. 1969 இல் பிரிவி கவுன்சில் அதைத் தவறென்று கண்டு, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. விசாரணை நடக்கவேயில்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் வந்த குடியரசு அரசியலமைப்பு 29 ஆம் பிரிவைக் கைவிட்டது. சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஆட்சிமொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் தந்தது.

1976

1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கோரியது. குடியரசு தினப் புறக்கணிப்புக்கான துண்டுப்பிரசுரங்களுக்காக அ. அமிர்தலிங்கமும் தோழர்களும் கைதாகி, மூன்று நீதிபதிகள் முன் விசாரிக்கப்பட்டனர். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் எதிரிகளுக்காகத் தோன்றினர். 1949 இல் மலையகத் தமிழரின் குடியுரிமைக் கேள்வியில் பிரிந்த ஜி. ஜி. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் இம்மன்றத்தில் ஒரே பக்கம் நின்றனர். மக்களின் இசைவின்றி வந்த 1972 அரசியலமைப்பே தமிழரைக் கட்டுப்படுத்தாது என்பது வாதம். இறுதியில் அரசு வழக்கைக் கைவிட்டது. பொன்னம்பலமும் செல்வநாயகமும் 1977 இன் முதல் மாதங்களில் காலமாயினர்.

செல்வநாயகம் கிறித்தவர், அவரைத் தந்தை என்றழைத்தவர்களில் பெரும்பாலோர் சைவர். மொழிமேல் அடி விழுந்த காலத்தில் கோயிலும் தேவாலயமும் தமிழரைப் பிரிக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றுமை பள்ளிவாசல் வரை எட்டவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, தமிழ் பேசுவது அவர்களைக் காக்கவில்லை. தமிழ்த் தேசியத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பிளவு இல்லை.

பிந்திய தீர்ப்புகள்

1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பதின்மூன்றாம் திருத்தத்தை உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் ஐவர் ஏற்றனர், நால்வர் மறுத்தனர். 2017 ஓகஸ்ட் 4 இல் அதே மன்றம், செல்வநாயகம் தொடங்கிய தமிழரசுக் கட்சி சமஷ்டி கோருவது தனிநாடு கோருவதாகாது என்று தீர்த்தது. 1949 முதல் தேசத்துரோகம் என்று ஏசப்பட்ட ஒரு கோரிக்கை அன்றுதான் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

இன்றைய அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். எனினும் கொழும்பில் கீழ் நீதிமன்றப் பதிவேடுகள் சிங்களத்திலும் மேல் மன்றங்களின் நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. தமிழ் மட்டும் தெரிந்த வழக்காளிக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. போதிய மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் அவருடைய வழக்குக்கு வேறு தவணை போடப்படுகிறது.