எரிப்பதா, புதைப்பதா?

போன தை மாதம் நானும் என் மனைவியும் ஆதிச்சநல்லூர் போய் வந்தோம். திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 24 கிலோமீட்டர். தபால் துறையில் இருந்த காலத்தில் அந்த வழியாக நூறு தடவையாவது போயிருப்பேன். பஸ்ஸில் இருந்து பார்த்தால் வெறும் பரம்பு. இறங்கிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. இப்போது அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழிகள் தெரிகின்றன.

1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததில் பலவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள் எல்லாம் வந்தன. எனக்குப் பெரிதாகப் பட்டது பொன் அல்ல, தானிய உமி. போகிறவருக்குப் பசிக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். 2004ல் மத்திய தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியபோது நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அப்போது எடுத்த மாதிரிகளில் இரண்டுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் கணித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மனைவி வெகுநேரம் ஒரு தாழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "என்னங்க, அப்போ நம்ம ஆளுகளும் புதைச்சிருக்காங்கதானே?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். எரிக்காவிட்டால் கதியில்லை என்று என் அப்பா உறுதியாக நம்பினார். நானும் அதுதான் ஆதிகாலத்து வழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு புறநானூறு படித்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. கணவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவனிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கும் பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. அதே புறநானூற்றில் பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். ஒரே தொகை நூலில் தாழியும் இருக்கிறது, ஈமத் தீயும் இருக்கிறது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைச் சொல்லும் இடத்தில் எரிப்பவர், சும்மா போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிழ்ப்பவர் என்று ஐந்து வகையாரும் வருகிறார்கள். ஒரே ஊரில் இத்தனை பேரும் அருகருகே இருந்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் எரிக்கிற வீட்டில் எல்லோரையும் எரிப்பதில்லை. துறவிகளுக்குச் சமாதிதான். பல் முளைக்காத குழந்தையை எரிக்க மாட்டார்கள். வீரசைவர்கள் உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்கிறார்கள். 1969ல் அண்ணாவைக் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள், பிறகு எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா. 2018ல் கலைஞருக்கு அங்கே இடம் கேட்டு இரவோடு இரவாக உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்களிலும் இது நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் எரிக்கலாம் என்று 1963ல் வாடிகன் அனுமதித்தது. ஆனால் சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது என்று 2016ல் சொன்னது. பாளையங்கோட்டையில் என்னோடு வேலை பார்த்த நண்பர், "எரிக்கிறது பாவமில்லதான், ஆனா எங்க அம்மா பக்கத்துல ஆறடி இருக்கே" என்பார்.

இஸ்லாத்தில் அந்த மாற்றத்துக்கு இடமில்லை. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி மண்ணில் அடக்குவது உயிரோடு இருப்பவர்கள் மேல் விழுந்த கடமை. அதனால்தான் 2020ல் இலங்கையில் நடந்தது என்னை உலுக்கியது. கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்றது அரசு. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பெற்றோர் சம்மதிக்காமலே, பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். கொழும்பு பொரளை மயான வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பிப்ரவரி கடைசியில்தான் அந்த விதி மாறியது. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் ஒதுக்கினார்கள். 2024ல் அரசு மன்னிப்புக் கேட்டது. எரித்த குழந்தைக்கு மன்னிப்பை வைத்து என்ன செய்வது?

இருபது நாள் குழந்தை என்று பேப்பரில் படித்த அன்று என் மனைவி மத்தியானம் சாப்பிடவில்லை.

எங்களுக்கும் ஒன்று இருந்தது. 1979ல் பிறந்த தலைச்சன் பிள்ளை. பதினோரு நாள். நானும் அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு போனோம். ஆற்றங்கரையில் ஒரு உடைமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, உப்பு போட்டு, மண்ணைத் தள்ளினோம். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதால் அவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. பின்னால் ஒருநாள் கூட்டிப் போகலாம் என்று நினைத்து நினைத்து ஆண்டுகள் ஓடின. 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தது. வடிந்த பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். மரமும் இல்லை, கரையும் பழைய இடத்தில் இல்லை. இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆதிச்சநல்லூரில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னை எரிச்சிராதீங்க. அவன் கிடக்கிற மண்ணுலயே போட்டுருங்க. நீங்க முந்திட்டா பிள்ளைககிட்ட சொல்லி வச்சிட்டுப் போங்க."

கருங்குளம் தாண்டும்வரை பேசாமல் இருந்தேன். பிறகு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "தெரியும். மாமா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள். அப்பா இறந்தது 1995ல். அவ்வளவு காலமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள். "இடம் சரியா இல்லாட்டி என்ன, ஆத்தங்கரைதானே" என்றும் சொன்னாள்.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்காரர்கள், சித்தப்பா வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு சரி என்றாள். "அம்மாவுக்கு எழுதிக்கிட்டேன். உங்களுக்கு எப்படிப்பா?" என்று கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். மாதம் இரண்டு ஆகிவிட்டது.