தடுப்பதா, ஈடு செய்வதா?

மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் பாட்டனாரின் வீடு இருந்தது. அதன் சமையலறைக்கு ஒரே ஒரு சாளரம். நான் பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது, அண்டை வீட்டார் அச்சாளரத்தை மறைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார். பாட்டனார் முறையிடவே, “பெரியவரே, நஷ்டம் என்னவென்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்” என்றார் அவர். “பகலிலும் விளக்கேற்றிச் சமைக்கப் போகிறவளுக்கு எந்தக் கணக்கில் நஷ்டம் கொடுப்பீர்?” என்று கேட்டார் பாட்டனார். இருவரும் நல்லவர்களே, எனினும் வழக்கு நீதிமன்றம் ஏறியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்திற்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே சுவர் சாளரத்தின் அடிமட்டத்தோடு நின்றது.

அன்று அந்த இருவரும் வாதிட்டது உரிமையியல் சட்டத்தின் இரு பெரும் பரிகாரங்களைப் பற்றியே என்பது, சட்டம் பயிலச் சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று. நேர்ந்த தீங்கிற்குப் பணம் அளிப்பது இழப்பீடு. தீங்கு நேராவண்ணம் கட்டளையிட்டு நிறுத்துவது தடையாணை.

இவ்விரண்டும் ஒரே மன்றத்தில் பிறந்தவை அல்ல. பழைய இங்கிலாந்தில் பொதுச் சட்ட நீதிமன்றங்கள் பெரும்பாலும் பணமே வழங்கின. ‘செய்யாதே’ என்ற ஆணையை வேண்டுவோர் சான்சரி என்னும் வேறொரு மன்றத்தை நாடினர். அதன் ஆணையை மீறியவர் சிறை புக நேரிடும். 1858இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தடையாணைக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ இழப்பீடு வழங்கும் அதிகாரத்தைச் சான்சரி மன்றத்திற்கும் தந்தது. நம் நாட்டில் 1877இல் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் தோன்றியது. அதன் இடத்தில் வந்ததே 1963ஆம் ஆண்டின் சட்டம்.

இச்சட்டம் கூறும் நெறி எளியது. இழப்பை அளக்க வழியில்லாதபோதும், பணம் போதிய பரிகாரம் ஆகாதபோதும் தடையாணை பிறக்கலாம். தியாகராய நகர்க் கடையொன்று திருமணப் புடவைகளைக் குறித்த நாளில் தரத் தவறியது என்று கொள்வோம். வேறு கடையில் கூடுதல் விலைக்கு வாங்கலாம். அந்த வேறுபாட்டை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் அடையாற்றில் உங்கள் தோட்டத்து முதுமரத்தை ஒருவர் வெட்ட வருகிறார் என்றால், வெட்டிய பின் வரும் பணம் நிழல் தருமா? அங்கே தடையாணையே வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை கேட்போரிடம், வழக்கில் முதல் தோற்றத்திலேனும் வலு உண்டா, ஈடு செய்ய இயலாத தீங்கு நேருமா, தடை விதித்தால் யாருக்கு இடர் மிகுதி என்ற மூன்றையும் நீதிமன்றம் ஆராயும்.

இவ்வளவும் சுவருக்கும் மரத்திற்கும் பொருந்தும். சொல்லுக்குப் பொருந்துமா? ஒருவருடைய நற்பெயர் கெட்டபின் பணம் அதை மீட்பதில்லை. அப்படியானால் அச்சிடுமுன்பே தடுப்பதன்றோ முறை? இவ்வினா நம் நகரத்திலிருந்தே உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

அடையாற்றுக்குத் தெற்கே உள்ள திருவான்மியூரில் வாழ்ந்தவன் ஆட்டோ சங்கர். ஆறு கொலைகளுக்காக 1991 மே 31 அன்று செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. சிறையில் அவன் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை வெளியிடப் போவதாக ‘நக்கீரன்’ இதழ் 1994இல் அறிவித்தது. அதிகாரிகள் பலருக்கும் அவனுக்கும் இருந்த உறவு அதில் வெளிப்படும் என்பது இதழாசிரியரின் கூற்று. அதனைச் சிறையில் அவன் எழுதினான் என்பதே பொய், வெளியீட்டை நிறுத்துக என்று சிறைத்துறைத் தலைவர் அவ்வாண்டு ஜூன் 15இல் கடிதம் அனுப்பினார். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டியும் நீதிபதி சுகாஸ் சென்னும் அமர்ந்த ஆயம் தீர்ப்பளித்தது. தம் மீது அவதூறு வரும் என்ற அச்சத்தால், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதன் அதிகாரிகளுக்கோ அதிகாரம் தரும் சட்டம் ஏதும் இல்லை. பரிகாரம் உண்டெனில் அது வெளியீட்டிற்குப் பின்னரே எழும் என்றது தீர்ப்பு. அரசு என்ற முறையில் அவதூறுக்கு இழப்பீடு கோரவும் இயலாது என்றது.

ஆயின் அத்தீர்ப்பு எழுதுவோருக்கு வரம்பற்ற உரிமை தந்துவிடவில்லை. ஒருவரைத் தனியே விட்டுவிட வேண்டும் என்னும் உரிமையை அது உயிர்வாழும் உரிமையின் பகுதியாகவே கண்டது. பொது ஆவணங்களில் உள்ளதை எவரும் வெளியிடலாம்; அதைக் கடந்து ஒருவருடைய குடும்ப வாழ்வை அவர் இசைவின்றி எழுதினால் இழப்பீடு தர நேரும். அதிகாரியின் பணி பற்றி எழுதியது பொய் எனினும், உண்மையை அறியச் சிறிதும் கவலைப்படாது எழுதினார் என்று மெய்ப்பித்தாலன்றி அவருக்கு இழப்பீடு இல்லை.

மாணவ நண்பர்களே, பணம் போதாத இடத்தில் தடையாணை வேண்டும் என்ற நெறி இங்கே மாறியது ஏன்? நான் கண்ட விடை இது. என் பாட்டனாரின் வழக்கில் இருந்தோர் இருவரே. சுவர் நின்றதால் மூன்றாமவர் எவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. சொல்லைத் தடுக்கும் வழக்கிலோ நீதிமன்றத்திற்கு வராத ஒருவர் இருக்கிறார்; அவரே வாசகர். தடுக்கப்பட்ட சொல் மெய்யா பொய்யா என்று அறியும் வாய்ப்பை அவர் இழக்கிறார். அவருக்கு யார் இழப்பீடு தருவார்?

ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் பெயரை ஒட்டி எழுந்த தீர்ப்போ இன்றும் வழக்குகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. நாளை உங்களில் ஒருவர் நீதிபதியின் இருக்கையில் அமரக்கூடும். ‘நிறுத்துக’ என்று கையெழுத்திடுமுன், முன்னே நிற்கும் இருவரோடு, வெளியே இருக்கும் அந்த மூன்றாமவரையும் எண்ணிப் பாருங்கள்.